புல் வெட்டுற மிஷினும் என் எக்செல் ஷீட்டும்

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இன்னைக்கு சினிமா விமர்சனமும் இல்லை, அரசியல் மொக்கையும் இல்லை. புல் வெட்டுற மிஷின் பற்றி ஒரு பதிவு. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன். ஒருத்தரோட ஒரு வருஷ சம்பாத்தியத்துல கை வச்ச பாவம் என் தலையில இருக்கு. அதை எழுதித் தீர்த்துக்கலாம்னுதான் இந்தப் பதிவு.

நான் இருக்கிறது வட கரோலினா மாநிலம், ராலே பக்கம். வாடகை வீடு. பக்கத்து வீட்டில் ஐம்பது வயசு தாண்டின ஒரு அமெரிக்கர். அவர் பெயர் வேண்டாம், பதிவுக்காக அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிடங்கில் பல வருஷம் வேலை பார்த்தவர். 2023 ஆரம்பத்தில் வேலை போய்விட்டது. இந்த வயசில் இனி யார்கிட்ட போய் நிற்பது, சொந்தமா புல் வெட்டுற தொழில் ஆரம்பிக்கலாம் என்று முடிவு பண்ணினார். கையில் 6,000 டாலர் சேமிப்பு. ஒரு பழைய பிக்கப் வண்டி. அவ்வளவுதான் முதலீடு.

இந்த ஊர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே வீட்டைச் சுற்றி புல்தரை. மார்ச் கடைசியில் இருந்து நவம்பர் வரை வாரா வாரம் வெட்டணும். விட்டால் முழங்கால் உயரம் வந்துவிடும், குடியிருப்பு சங்கத்தில் இருந்து ஓலை வந்துவிடும். அதனால் காசு கொடுத்து ஆள் வைத்து வெட்டுகிறவர்கள் நிறைய. வீட்டுக்கு 45 டாலர் என்பது அண்ணாச்சி போட்ட ரேட்.

ஒரு சனிக்கிழமை வேலி ஓரமாக நின்றுகொண்டு கேட்டார். (ஆங்கிலத்தில்தான். நம்ம ஊர் பாஷையில் போட்டிருக்கிறேன்.) "தம்பி, நீதான் இன்ஜினியராச்சே. மேல உட்கார்ந்து ஓட்டுற மோவர் ஒண்ணு வாங்கணும். எதை வாங்கலாம்னு பார்த்துச் சொல்லேன்."

இன்ஜினியர் என்று சொன்னதுமே நமக்கு உச்சி குளிர்ந்துவிடும் இல்லையா? நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ், செய்வது ஜாவா பொட்டி தட்டுறது. புல்லை அதுவரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனாலும் அன்று ராத்திரியே எக்செல் ஷீட் ரெடி. 14 மாடல், 9 காலம். விலை, குதிரைத்திறன், வெட்டும் அகலம், வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை நட்சத்திரம்... கலர் எல்லாம் போட்டு. தங்கமணி எட்டிப் பார்த்துவிட்டு "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டீங்க" என்றாள்.

எக்செல் சொன்ன தீர்ப்பு: பெரிய கடையில் விற்கிற 42 அங்குல லான் டிராக்டர். புதுசு. 2,300 டாலர். 19 குதிரைத்திறன். அதே ஷீட்டில் கடைசி வரியில் ஒரு 36 அங்குல தொழில்முறை மிஷினும் இருந்தது. 15 குதிரைத்திறன்கூட இல்லை, விலையோ மூன்று மடங்குக்கும் மேலே. "இதை எல்லாம் எவன் வாங்குவான்" என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

அண்ணாச்சி நான் சொன்னதையே வாங்கினார். முதல் வருஷம் நன்றாகவே ஓடியது. 12 வீட்டில் ஆரம்பித்து, அடுத்த வருஷம் வசந்தத்தில் 22 வீடு ஆகிவிட்டது. எனக்குத் தலைக்கனம் வேற. ஆபீஸில் இரண்டு பேரிடம் சொல்லிக்கூட பீற்றிக்கொண்டேன்.

2024 ஜூன். மழை பெய்து புல் எகிறிக்கொண்டிருந்த வாரம். மதியம் இரண்டு மணி வெயிலில், ஒரு சின்ன மேட்டில் ஏறும்போது மிஷின் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, பிளேடு சுற்றுகிறது, சக்கரம் நகரவில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் நகர்கிறது, சூடானால் மறுபடி படுத்துவிடுகிறது. டிரான்ஸ்மிஷன் போச்சு.

வாரண்டி மூன்று வருஷம் என்று என் ஷீட்டில் பச்சைக் கலரில் இருந்ததே! எடுத்துப் பார்த்தால் சின்ன எழுத்தில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்'. தொழிலுக்கு ஓட்டினால் 90 நாள்தானாம். வீட்டு மிஷின்களில் இப்படி நிபந்தனை இருப்பது சகஜம், படிக்காதது என் தப்பு. வாங்கின கடையில் ரிப்பேர் கிடையாது, வேறு ஊர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும். வரிசையில் நின்று, பார்ட் வந்து, மாட்டித் திரும்பி வர 19 நாள். பில் 900 டாலர் சொச்சம்.

அந்த 19 நாளும் அண்ணாச்சி 21 அங்குல தள்ளு மோவரை வைத்துக்கொண்டு காலை ஆறரைக்குக் கிளம்புவார். ராத்திரி எட்டரைக்கு வருவார். கை இரண்டிலும் கொப்புளம். நான் இருப்பதோ எச்-1பி விசாவில். வேறு வேலை செய்யக்கூடாது, சம்பளம் வாங்காமல் கூடப் போனாலும் வம்பாகலாம் என்று பயம். வாசலில் நின்று தண்ணி பாட்டில் கொடுத்ததுதான் நான் செய்த உதவி. அவர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

22 வீட்டில் 7 வீடு வேற ஆளுக்குப் போய்விட்டது. வாரம் 315 டாலர். சீசன் முடிய இருந்தது 18 வாரம். பெருக்கிப் பாருங்க, 5,670 டாலர். 2,300 டாலர் மிஷினில் நான் 'மிச்சம் பிடித்துக் கொடுத்த' லட்சணம் இது.

இனிமேல்தான் மேட்டர். அந்த எக்செல் ஷீட்டில் ஒரு நம்பர்கூட தப்பு இல்லை. காலம்தான் தப்பு. எதைக் கேட்கணுமோ அதைக் கேட்கவே இல்லை. சின்ன அளவில் புல்வெட்டும் தொழில் செய்கிறவர் உட்கார்ந்து ஓட்டும் மிஷின் வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு விஷயம் என்பது இப்போது என் கருத்து. குதிரைத்திறன் அந்த நாலில் இல்லை.

முதலாவது, மணிக்கணக்கு. வண்டிக்கு கிலோமீட்டர் மாதிரி, மோவருக்கு ஓடின மணி நேரம். ஒரு வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு முறை தன் வீட்டுப் புல்லை மட்டும் வெட்டுவார். அண்ணாச்சி 22 வீட்டுப் புல்லை வெட்டுகிறார். அதாவது அவர் மிஷினுக்கு ஒரு வருஷம் என்பது வீட்டு மிஷினுக்கு 22 வருஷம்! இதைச் சொல்ல எக்செல் தேவையே இல்லை, விரல்விட்டு எண்ணினால் போதும். எனக்குத்தான் தோணலை.

வித்தியாசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பிளேடு சுற்றுகிற அந்த மூடியை டெக் என்பார்கள். வீட்டு மிஷினில் அது ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்திச் செய்தது. தொழில்முறை மிஷினில் தடிமனான தகடுகளை வெட்டி வெல்டிங் செய்தது. 12 கேஜ் தகடு சுமார் 2.7 மில்லிமீட்டர், 7 கேஜ் சுமார் 4.5 மில்லிமீட்டர். நம்பர் குறைந்தால் தடிமன் கூடும். (நானும் முதலில் 12 தான் பெரிசு என்று நினைத்தேன், ஹிஹி.) அடுத்தது டிரான்ஸ்மிஷன். இரண்டிலுமே ஆயில் அழுத்தத்தில் சக்கரத்தைச் சுற்றுகிற ஹைட்ரோஸ்டேடிக் வகைதான். ஆனால் வீட்டு மிஷினில் வருவது பெரும்பாலும் மூடி முத்திரை போட்ட சின்ன டப்பா, ஆயில் மாற்றவே வழி வைத்திருக்க மாட்டார்கள். தொழில்முறையில் ஆயில் மாற்றலாம், ஃபில்டர் மாற்றலாம். வெயிலில் மேடு ஏறும்போது ஆயில் சூடாகி இளகிவிட்டால் இழுவை போச்சு. அண்ணாச்சிக்கு நடந்தது அதுதான்.

இன்ஜினிலும் இதே கதை. கவாசாகி என்று எழுதியிருந்தால் போதும் என்று வாங்குபவர்கள் உண்டு. ஒரே கவாசாகியில் எஃப்ஆர் வரிசை வீட்டுக்கு, எஃப்எக்ஸ் வரிசை தொழிலுக்கு. ஸ்டிக்கரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், ஆயுளில் எக்கச்சக்க வித்தியாசம்.

இரண்டாவது, கேட். சிரிக்காதீங்க. கடைக்காரர் எல்லாம் 'பெரிய டெக் வாங்குங்க, நேரம் மிச்சம்' என்பார். 52 அங்குலம் பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். அண்ணாச்சியோட 22 வீட்டில் 14 வீட்டுக்குப் பின்பக்கம் வேலியும் கேட்டும் உண்டு. டேப் வைத்து அளந்தோம். எல்லாம் 44-ல் இருந்து 48 அங்குலத்துக்குள். 52 உள்ளே போகாது. 48 அங்குல டெக் 48 அங்குல கேட்டில் போகும் என்று நினைத்தால் அதுவும் தப்பு, புல் வெளியே தள்ளுகிற வாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கிவிட்டாலும் ஒன்றிரண்டு அங்குலம் இடிக்கும். பழைய 42-ஐயே வாயைத் தூக்கிவிட்டு இரண்டு தூணில் கீறல் போட்டுத்தான் நுழைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கணக்கு போடுவோமா? மணிக்கு எத்தனை மைல், டெக் எத்தனை அங்குலம், இரண்டையும் பெருக்கி 99-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று வரும். (ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்று வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம்.) திரும்புறது, மரத்தைச் சுற்றுறது எல்லாம் போக அதில் 60 சதவீதம்தான் நிஜத்தில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் புல், மணிக்கு 5 மைல் வேகம். 36 அங்குலத்துக்கு 18 நிமிஷம். 52-க்கு 13 நிமிஷம். வீட்டுக்கு 5 நிமிஷம் லாபம், சரி. ஆனால் 52 பின்பக்கம் போகாத 14 வீட்டில் பாதிப் புல்லை 21 அங்குல தள்ளு மோவரில் வெட்டணும். அதற்கு வீட்டுக்கு 26 நிமிஷம். 36-ல் போயிருந்தால் அதே இடம் 9 நிமிஷம். மொத்தம் கூட்டிக் கழித்தால் 52 வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம் பிடித்து நாலு மணி நேரத்தைக் காலி பண்ணுகிறது!

இன்னொன்று. ஒரு வீட்டில் இறக்குறது, ஓரம் வெட்டுறது, ப்ளோயர் வைத்து ஊதுறது, மறுபடி ஏத்துறது என்று எப்படியும் 25 நிமிஷம் போகும். அதை எவ்வளவு பெரிய டெக்கும் குறைக்காது. நம்ம தொழிலில் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்னதுதான். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், மீதிப் பகுதி உன்னை இழுத்துப் பிடிக்கும். ப்ராசசருக்கு அதை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு புல்லுக்குப் போட்டுப் பார்க்கத் தெரியலை பாருங்க. பரந்த மைதானம், சர்ச் வளாகம் என்று காண்ட்ராக்ட் எடுப்பவருக்கு 60 அங்குலம் சரி. வேலி போட்ட வீடுகளுக்கு இல்லை.

மூன்றாவது, சரிவு. ஒரே இடத்தில் நின்று சுழலும் ஜீரோ டர்ன் மிஷின்தான் தொழிலில் எல்லாரும் ஓட்டுகிறார்கள். வேகம், நெளிவு எல்லாம் அருமை. ஆனால் அதில் முன் சக்கரம் சும்மா உருளுகிற சக்கரம். திருப்புவது, நிறுத்துவது இரண்டுமே பின் சக்கரம்தான். ஈரச் சரிவில் பின் சக்கரம் வழுக்கினால் கையில் ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து ஓட்டும் மிஷின்களின் கையேட்டில் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்றுதான் பொதுவாக இருக்கும். 15 டிகிரி என்பது 10 அடி தூரத்துக்கு 2.7 அடி ஏற்றம். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். போனில் மட்டம் பார்க்கிற ஆப் இருக்கிறது, தரையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்துவிடலாம். குளத்துப் பக்கம் சரிவான ஒரு வீட்டை அண்ணாச்சி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். நல்ல காரியம்.

நாலாவதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. நின்றுபோனால் எத்தனை நாள்? ஆபீஸில் சர்வர் வாங்கும்போது எத்தனை நாளைக்கு ஒரு முறை விழும், விழுந்தால் எவ்வளவு நேரத்தில் எழும் என்று இரண்டையும் கேட்போம். மிஷினுக்கு மட்டும் நான் இரண்டாவதைக் கேட்கவே இல்லை. எந்த மிஷினும் ஒரு நாள் நிற்கும். பெல்ட் அறும், ஸ்பிண்டில் பேரிங் போகும். அன்றைக்கே பார்ட் கிடைத்தால் அது ஒரு மதிய வேலை. 19 நாள் ஆனால் அது 7 வீடு.

இந்த இடத்தில் கொசுவர்த்தி சுத்தியே ஆகணும். எங்க ஊர் உடுமலைப்பேட்டை பக்கம். கிணத்துக்கு மோட்டார் வாங்கணும் என்றால் அப்பா எந்தக் கம்பெனி என்று முதலில் பார்க்கவே மாட்டார். நான் நடந்ததை எல்லாம் போனில் சொன்னதும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "ஏங் கண்ணு, காயில் கட்டறவன் எங்க இருக்கான்னு பார்த்துட்டுத்தான மோட்டார் வாங்கோணும்? தண்ணி இல்லாம பயிர் எத்தன நாள் தாங்கும்?" பத்தாவது தாண்டாத மனுஷன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்த எனக்கு, கடன் வாங்கிப் படிக்க வைத்தவர் சொல்லித் தர வேண்டியதாகப் போச்சு.

அதனால் இரண்டாவது முறை தலைகீழாக ஆரம்பித்தோம். முதலில் கடை, அப்புறம் மிஷின். வீட்டில் இருந்து 7 மைலில் ஒரு டீலர். பின்னாடியே பட்டறை, கவுண்டரில் பெல்ட், பிளேடு, ஸ்பிண்டில் எல்லாம் கையிருப்பு. காலை ஏழு மணிக்கே அங்கே புல்வெட்டுகிறவர்கள் டிரெய்லரோடு வந்து நிற்கிறார்கள். அதைவிட என்ன ரெவ்யூ வேணும்? அவர் விற்கிற கம்பெனி எதுவோ அதிலேயே பழைய 36 அங்குல தொழில்முறை ஜீரோ டர்ன் ஒன்று, 620 மணி நேரம் ஓடினது. 5,200 டாலர். பழைய டிராக்டர் 600-க்குப் போச்சு. மீதியை சேமிப்பில் இருந்து எடுத்தார்.

புதுசே வாங்கலாமே, வட்டியில்லாக் கடன் இருக்கே என்று டீலர் ஆசை காட்டினார். 11,000 டாலர், 48 மாசம், மாசம் 230. யோசித்துப் பார்த்தோம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் புல் வளராது. தவணை மட்டும் வளரும். 22 வீடு இல்லை, 15 வீடு வைத்திருக்கிற ஆளுக்கு அது வேண்டாம் என்று முடிவு பண்ணினோம்.

பேட்டரி மிஷின் பற்றிக் கேட்பீங்க. கலிபோர்னியாவில் 2024 மாடலில் இருந்து புதுசாக வருகிற சின்ன இன்ஜின் கருவிகள் பெரும்பாலும் புகையே விடக்கூடாது என்று விதி. நாளைக்கு எல்லா இடத்துக்கும் அது வரலாம். சத்தமும் கம்மி. பேட்டரி மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயும் அதே கேள்விதான். நின்றுபோனால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில்? அந்த டீலர் பட்டறையில் பதில் கிடைக்கிற நாளில் தாராளமாக வாங்கலாம்.

'அப்போ உன் கருத்துதான் என்ன?' என்றால் இதுதான். தொழில் தொடங்குபவர் ஐந்தாறு வீடு வரைக்கும் தள்ளு மோவரிலேயே ஓட்டட்டும். காலும் கையும் வலிக்கும், ஆனால் முதல் மோசம் போகாது. வீடு கூடினதும் தொழில்முறை மிஷின், பழசானாலும் பரவாயில்லை. நடுவில் இருக்கிற அந்தப் பளபளா புது வீட்டு மிஷின் இருக்கிறதே, அதுதான் குழி. வீட்டுக்காரருக்கு அது நல்ல மிஷின்தான், பத்து வருஷம் உழைக்கும். மிஷின் மேல் தப்பில்லை. 22 வீட்டுக்கு அதை அனுப்பின என் மேல்தான் தப்பு.

டேவிட் லின்ச் எடுத்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' (1999) பார்த்திருக்கீங்களா? உடம்பு முடியாத அண்ணனைப் பார்க்க ஒரு பெரியவர் லான் மோவரிலேயே அயோவாவில் இருந்து விஸ்கான்சின் வரை 240 மைல் போவார். 1994-ல் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்பவர் நிஜமாகவே போனதுதான் கதை. படத்தில் அவர் முதலில் கிளம்புகிற மிஷின் வழியில் படுத்துவிடும். திரும்பி வந்து 1966 மாடல் ஜான் டீர் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்புவார். போன மாசம் அண்ணாச்சியோடு அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்க... அவ்வ்வ்.

2025 சீசன் முடியும்போது அண்ணாச்சி கையில் 26 வீடு. நடுவில் ஒரு முறை பெல்ட் அறுந்தது. காலை 11 மணிக்கு அறுந்தது, 2 மணிக்கு மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார். போன 7 வீட்டில் 2 வீடு தானாகவே திரும்பி வந்துவிட்டது. மீதி 5 வரவில்லை, வராது.

அந்த எக்செல் ஷீட்டை நான் அழிக்கவில்லை. கடைசியில் ஒரு காலம் மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். தலைப்பு, 'காயில் கட்டறவன் எங்கே?' அடுத்து நான் கார் வாங்கினாலும் சரி, வேற என்ன வாங்கினாலும் சரி, அந்தக் காலத்தைத்தான் முதலில் நிரப்பப் போகிறேன்.

பி.கு: யாராவது உங்களை 'நீதான் இன்ஜினியராச்சே' என்று கேட்டால், 'எதில் இன்ஜினியர்?' என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொண்டு பதில் சொல்லவும். :-)